இருபது டிகிரிக் குளிர்

கார்த்திகை கடைசி

தேங்காய் எண்ணெய் உறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் வெப்பமானி கிடையாது. குளிர் வந்ததை எண்ணெய் பாட்டில்தான் சொல்லும். 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் அடியில் வெள்ளையாகத் திரளும், பிறகு ஓரமாக மேலே ஏறும், ஒரு விடியற்காலையில் கவிழ்த்துப் பிடித்தாலும் சொட்டாது. அன்றிலிருந்து பாட்டிலைத் திண்ணை வெயிலில் வைத்து எடுப்பது காலை வேலைகளில் ஒன்றாகிவிடும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அதுவரை பொறுமை இல்லை. ஒரு குச்சியால் தோண்டி, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, தலையில் அப்பிக்கொண்டு ஓடுகிறார்கள்.

சோழவந்தான் பக்கம் கண்மாய்கள் நிறைந்து, நெல் பச்சை கட்டி நிற்கிற நேரம் இது. மழை ஓயப்போகிறது. பனி தொடங்கப்போகிறது.

•

மதுரையில் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மதுரை என்றதும் அவர்களுக்கு நினைவு வருவது சித்திரை வெயில். கணக்கைப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் தப்பில்லை. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். பகலில் 30 வரை ஏறிவிடும். டெல்லிக்காரருக்கு இது குளிரே இல்லை.

ஆனால் குளிர் எதிலிருந்து எதற்கு இறங்கியது என்று பார்க்க வேண்டும். வருஷத்தில் நாலு மாதம் 38, 40 டிகிரியில் வெந்து பழகிய உடம்பு இது. வீடும் அப்படித்தான். எங்கள் வீடு வெயிலை நினைத்தே கட்டியது. உயர்ந்த கூரை, நடுவில் முற்றம், எதிரும் புதிருமாகச் சன்னல்கள், சிவப்புச் சிமெண்டுத் தரை. காற்று நுழையவும் வெளியேறவும் எத்தனை வழி உண்டோ அத்தனையும் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். வைகாசியில் அந்தக் கொத்தனாரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். மார்கழியில் அதே வழிகளில் எல்லாம் வாடை வருகிறது. முற்றத்தில் இறங்கும் பனி கூடம் வரை ஈரத்தைக் கொண்டுவருகிறது. அம்மா கட்டிலிலிருந்து காலைத் தரையில் வைக்கவே யோசிக்கிறார். கட்டிலடியிலிருந்து அடுப்படி வரை பழைய சாக்குகளை விரித்து வைத்திருக்கிறோம். அதன் மேலேதான் நடமாட்டம்.

டொராண்டோவில் இருக்கும் சொந்தக்காரப் பெண் போனில் பேசும்போது வெளியே மைனஸ் பதினைந்து என்றாள். ஆனால் வீட்டுக்குள் பருத்தி நைட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே அம்மா இரண்டு போர்வைக்குள். அங்கே குளிரைத் தெருவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இங்கே அதற்குக் கதவே வைக்கவில்லை. வயதானவர்களுக்கு மூட்டு பிடிப்பதும், இளைப்பு உள்ளவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு அடைப்பதும் இதனால்தான். ‘இருபது டிகிரிதானே’ என்று அவர்களிடம் சொல்லக் கூடாது.

மார்கழி பிறந்து

மூடுபனி எல்லா நாளும் இறங்குவதில்லை. மழை விட்டு, மண் இன்னும் ஈரமாக இருந்து, இரவில் வானம் துடைத்தாற்போல் தெளிந்து, காற்றும் ஓய்ந்தால் மறுநாள் காலை நிச்சயம் உண்டு. மேகம் இருக்கும் இரவில் தரையின் சூடு மேலே போக வழி இல்லை. மேகம் விலகிய இரவில் தரை தன் சூட்டை எல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு ஆறிப்போகிறது. அதன் மேல் படிந்திருக்கும் ஈரக்காற்றும் ஆறி, நீர்த்துளியாகி, தரையோடு நிற்கிறது. கண்மாய் உள்ள ஊர்களில் இன்னும் அடர்த்தி. நாலு வழிச்சாலையில் திருமங்கலம் பக்கம் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வருவதும், மதுரை விமான நிலையத்தில் காலை விமானம் தாமதமாவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான்.

நாகமலை காணாமல் போயிருந்தது இன்றைக்கு. எட்டு மணிக்கு முதுகு மட்டும் தெரிந்தது.

•

அடுப்படிக்கென்று தனிக் குளிர்காலம் உண்டு. மாவு புளிக்காது. மற்ற மாதங்களில் இரவு கரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழிகிற மாவு, இப்போது கரைத்தபடியே கிடக்கிறது. அதனால் மதியமே ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்கி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, பொழுது சாய்ந்ததும் சாக்கைச் சுற்றி அடுப்போரமாகத் தள்ளிவைக்கிறோம். கரண்டியால் கலக்கினால் வராது, கையாலேதான் கலக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கையின் வெதுவெதுப்பும் அதில் உள்ளதும் மாவுக்குப் போகிறது என்பதில் நியாயம் இருக்கிறது.

தயிருக்கு வேறு வைத்தியம். பாலைக் கொஞ்சம் கூடுதல் சூட்டிலேயே உறை ஊற்றி, பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட வேண்டும். அரிசி சூட்டை விடாது. சில வீடுகளில் காம்போடு நாலு வரமிளகாயையும் போடுகிறார்கள்.

துவரம்பருப்பு, மிளகு, பூண்டு, தூதுவளை. ரசத்துக்கு இவ்வளவு ருசி மற்ற மாதங்களில் இல்லை.

•

மதுரைக் குளிரைப் பற்றி எழுதியவர்களில் நக்கீரருக்கு மேல் யாரும் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, 188 அடி. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். ஒவ்வொரு வருஷமும் இந்த மாதங்களில் நான் திரும்ப எடுக்கிற நூல் அது. பாட்டில் வருவது கூதிர்க்காலம், அதாவது ஐப்பசி, கார்த்திகை. மழையும் வாடையும் சேர்ந்து அடிக்கிற நேரம். எங்கள் குளிர் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

என்னைக் கட்டிப்போடுவது அதிலுள்ள காதலோ போரோ அல்ல. அதிலுள்ள வீட்டு வேலைகள். குளிர் வந்தால் ஒரு வீட்டில் எதெல்லாம் மாறும் என்று நக்கீரர் ஒவ்வொரு பொருளாகக் காட்டிக்கொண்டு போகிறார். சந்தனம் அரைக்கிற கல் வேலையில்லாமல் கிடக்கிறது. விசிறி முளையில் தொங்கிச் சிலந்தி வலை கட்டியிருக்கிறது. மேல்மாடச் சன்னல்களை அடைத்துத் தாழ் போட்டிருக்கிறார்கள். குளிர்ந்த நீர் இருக்கும் குறுகிய வாய்க் கன்னலை யாரும் தொடுவதில்லை, வாய் அகன்ற தூபச் சட்டியில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றி இருக்கிறார்கள். பெண்கள் தலை நிறையப் பூ வைப்பதில்லை, ஏதோ சில பூக்கள்தான், கூந்தலுக்கு அகிற்புகை. யாழின் நரம்பு குளிரில் சுருதி மாறிப்போக, ஆடல் மகளிர் அதைத் தங்கள் மார்பின் வெப்பத்தில் தடவிச் சரிசெய்கிறார்கள். வீட்டுப் புறாக்கள் இரை தேடவும் போகாமல், கொடுங்கையில் காலை மாற்றி மாற்றி வைத்து நிற்கின்றன. மேகமூட்டத்தில் பொழுது தெரியவில்லை. தட்டில் வைத்த பிச்சி மொக்கு மலர்ந்து மணப்பதை வைத்தே மாலை வந்ததென்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள்.

ஊருக்கு வெளியே ஆயர்கள் வெள்ளத்துக்குப் பயந்து மந்தையை மேட்டுக்கு ஓட்டிப் போய், நெருப்பில் கையைக் காய்ச்சிக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். பசு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. அந்த ஒரு வரியை எழுத மாட்டுத்தொழுவத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். குளிர்ந்த மடியில் கன்று முட்டினால் தாய்ப்பசுவுக்கே பொறுக்காது. இன்றைக்கும் கறக்கப் போகிறவர்கள் வெந்நீரில் துணியை நனைத்து மடியை ஒத்தி எடுத்துவிட்டுத்தான் கை வைக்கிறார்கள்.

தெருவில் கள் குடித்த முரட்டு ஆட்கள் துணியின் இரு முனையும் தொங்க, தூறலைப் பொருட்படுத்தாமல் பொழுது போன பிறகும் திரிகிறார்கள். அதுவும் அப்படியே இருக்கிறது.

மார்கழி நடுவில்

மல்லிகைக்கு இது கெட்ட காலம். மதுரை மல்லி, 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, வெயிலின் பிள்ளை. பங்குனி தொடங்கி ஆனி வரை காடாகப் பூக்கும். இரவு குளிர்ந்து பகல் குறுகினால் மொக்கு எடுப்பதே குறைந்துபோகும். பனி விழ விழ இன்னும் குறையும். அந்தச் சமயம் பார்த்துத்தான் வைகுண்ட ஏகாதசி, பொங்கல், அதைத் தொடர்ந்து தை முகூர்த்தங்கள். பூ இல்லாத நேரத்தில் ஊருக்கெல்லாம் பூ வேண்டும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கிலோ ஆயிரங்களில் போகும். பொங்கலை ஒட்டி நாலாயிரத்தைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. மறுநாள் பேப்பரில் ‘மல்லிகை விலை கிடுகிடு உயர்வு, விவசாயிகள் மகிழ்ச்சி’ என்று வரும்.

அந்த மகிழ்ச்சியைத் தோட்டத்தில் தேடிப் பார்க்க வேண்டும். நாலாயிரம் விற்கிற நாளில் தோட்டக்காரர் கையில் இருப்பது ஒரு சின்னப் பை. விலையும் விளைச்சலும் சேர்ந்து வந்ததாக நான் ஒரு வருஷமும் பார்த்ததில்லை. அவரையாவது அந்த விலை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கிறது. பூ பறிக்கிற பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்குக் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. வைகாசியில் விடிவதற்குள் கிலோக் கணக்கில் பறிக்கிற அதே வரிசையில் இப்போது ஒரு கிண்ணம் நிறைவதில்லை. விலை ஏற ஏற அவர்கள் கூலி இறங்குகிறது. குளிர்காலத்து மல்லிகைச் செய்தி எதிலும் இந்தக் கணக்கு வந்ததில்லை. எனக்கு இது மனதை அறுக்கிறது.

இன்று விடியற்காலை நாலரை மணிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நின்றேன். இருட்டில் நெற்றி விளக்குகள் மட்டும் இடுப்பளவு உயரத்தில் அங்கங்கே அசைந்தன. சேலைக்கு மேலே ஆம்பளைகளின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டை இறுக்கிக் கட்டி அதன் மேல் விளக்கின் ரப்பர் பட்டை, இடுப்பைச் சுற்றி உரச்சாக்கை வெட்டித் தைத்த பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக் இல்லாவிட்டால் செடியின் பனி சேலையை முழங்காலுக்கு மேலே வரை நனைத்துவிடும். நனைந்த சேலையோடு மூன்று மணி நேரம் நிற்க முடியாது. மொக்கை நகத்தால் கிள்ளாமல், காம்போடு சேர்த்து விரல்நுனியால் சுண்டி எடுக்க வேண்டும். விரைத்த விரலுக்கு மொக்கு இருப்பதே தெரிவதில்லை. அதனால் அடிக்கடி கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்கிறார்கள். பறித்ததை அப்படியே பையில் அடைத்தால் ஈரத்தில் கருத்துவிடும். துணியில் பரப்பிக் கொஞ்சம் காற்றாட விட்டுத்தான் கட்டுகிறார்கள்.

“மொக்கு ரொம்பக் கொறச்சலோக்கா?” என்று பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் கேட்டேன்.

“மொக்கு எங்கண்ணே இருக்கு? வெரலு வெறச்சதுதான் மிச்சம். இருந்தாலும் செடிய விட்றக் கூடாதுல்ல. ஒரு நா பறிக்காம விட்டா இருக்குறதும் பூத்துப் போயிரும்” என்றார் அந்த அக்கா.

அதுதான் காரணம். மொக்கு குறைவென்று தோட்டத்தை ஒதுக்கிவைக்க முடியாது. பத்து மொக்கு இருந்தாலும் முழு வரிசையையும் நடந்தாக வேண்டும். நடை குறையவில்லை, பனி குறையவில்லை, கூலி மட்டும் குறைந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஓரிரு தோட்டக்காரர்கள் மார்கழி, தை இரண்டு மாதமும் கிலோக் கணக்கை விட்டுவிட்டு நாள்கூலி கொடுக்கிறார்கள். காலையில் ஒரு டீயும் உண்டு. எல்லாரும் அப்படிச் செய்யலாம். செய்ய வேண்டும். அந்த இரண்டு மாதத்துக் கூடுதல் விலையில் அதற்கு இடம் இருக்கிறது.

•

மல்லி இல்லாத தலைகளில் டிசம்பர் பூ. ஊதாவிலும் வெள்ளையிலும் வரியோடியதிலும் வேலியோரமாகப் பூத்துக் கிடக்கிறது. வாசனை இல்லை, விலையும் இல்லை. பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் தாங்களே பறித்துத் தாங்களே கட்டி வைத்துக்கொள்கிறார்கள்.

•

அறுப்பு முன்னதாக முடிந்த மேட்டுவயலில் கிடை போட்டிருக்கிறார்கள். ராமநாதபுரம் பக்கத்து ஆடுகள். பகலில் மேய்ந்து இரவில் வயலில் அடைந்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். நிலக்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். குளிரில், கிடையை நடத்தும் கீதாரி வீட்டாருக்குக் கூரை என்று ஒன்றும் இல்லை. பனங்கிடுகு வேய்ந்த ஒரு கூட்டுக்குள் புதுக்குட்டிகளை அடைத்திருக்கிறார்கள். மனிதர்கள் வெளியே, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு.

காலையில் ஒன்பது மணி ஆகியும் ஆடுகளை ஓட்டவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “பனிப்புல்லு ஆகாதுங்கய்யா, வகுத்துக்குள்ள பூச்சி வச்சிரும்” என்றார் கீதாரி. கால்நடை மருத்துவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். குடற்புழுக்களின் குஞ்சுகள் ஈரம் இருக்கும்வரை புல்லின் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்தால் அடிக்கு இறங்கிவிடும். பனி காய்ந்த பிறகு மேய்த்தால் பாதி நோய் இல்லை. கீதாரிகள் மருத்துவம் படிக்கவில்லை, செத்த ஆடுகளை அறுத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

அவர்கள் இன்னும் அதிகமாகப் பயப்படுவது நீலநாக்கு நோய்க்கு. மழைக்கும் பனிக்கும் பெருகுகிற, கண்ணுக்கு எளிதில் படாத, கொசு மாதிரியான பொடிப் பூச்சி ஒன்று கடித்துப் பரப்புவது. செம்மறிக்குத்தான் அதிகம் வரும். காய்ச்சல், வாய் வீங்கி, நாக்கு நீலம் பாரித்து, நொண்டி, மந்தையே சுருண்டுபோகும். இதற்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் ஊர் ஊராக நகர்கிற கிடைக்கு ஊசி போய்ச் சேருவது எளிதில்லை. முகாம் நடக்கும் நாளில் கிடை வேறு தாலுகாவில் இருக்கும்.

சாயங்காலம் நொச்சியும் வேம்பும் போட்டுப் புகைமூட்டம் போட்டார்கள். எங்கள் தொழுவத்திலும் அதேதான். கன்றின் முதுகில் சாக்கைப் போர்த்தி, வயிற்றுக்கடியில் சணல் கயிற்றால் கட்டிவிட்டிருக்கிறோம்.

•

அஷ்டமிச் சப்பரம் பார்க்க மதுரைக்குப் போய்வந்தோம். மார்கழித் தேய்பிறை அஷ்டமியில் சுவாமியும் மீனாட்சியும் வெளி வீதிகளைச் சுற்றிவருவார்கள். எல்லா உயிருக்கும் படியளந்த லீலை என்பதால் வழியெல்லாம் அரிசியை இறைத்துக்கொண்டே போவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள் இழுக்கிறார்கள். கீழே விழுந்த அரிசியைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்பது நம்பிக்கை. சனம் பொறுக்கியது போக மிஞ்சியது எறும்புக்கும் குருவிக்கும். விளைச்சல் இன்னும் வீடு வந்து சேராத, பழைய நெல் தீர்ந்துகொண்டிருக்கிற மாதத்தில் இந்த விழாவை வைத்தவர்களுக்குப் பசி தெரிந்திருக்கிறது.

திரும்புகிற வழியில் சிம்மக்கல்லில் பருத்திப்பால் குடித்தோம். ஜிகர்தண்டாவுக்கு மதுரை பெயர் வாங்கிவிட்டது. இந்த ஊரின் குளிருக்கு உரியது பருத்திப்பால். பருத்திக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஆட்டி, துணியில் பிழிந்து பால் எடுக்க வேண்டும். சக்கையில் மறுபடியும் தண்ணீர் விட்டு ஆட்டி இரண்டாம் பால், மூன்றாம் பால். அதைக் காய்ச்சும்போது அரிசி மாவைக் கரைத்துவிட்டு, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலம், கடைசியில் தேங்காய்த் துருவல். கூழுக்கும் பாலுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அதைத் தாண்டினால் தொண்டையில் நிற்கும், குறைந்தால் தண்ணீர். தள்ளுவண்டிக்காரர்கள் அடியில் கனல் போட்ட பித்தளைக் குடத்திலேயே அந்தப் பதத்தைச் சாயங்காலம் முழுக்கக் காப்பாற்றுகிறார்கள். சளி பிடித்த பிள்ளைக்கு இதையும், முள்ளு முருங்கை இலையை அரிசியோடு அரைத்துத் தட்டிச் சுட்ட வடையையும் வாங்கிக் கொடுக்காத மதுரைத் தாய் இருக்க மாட்டார்.

தை

பொழுது இன்னும் முன்னால் வரவில்லை. டிசம்பர் 22 வாக்கில் பகல் மிகக் குறுகலாக இருக்கும். மதுரையில் அன்றைக்குப் பகல் 11.5 மணி நேரம். அதற்கப்புறம் பகல் நீளத் தொடங்குகிறது. ஆனால் நீள்வதெல்லாம் சாயங்காலப் பக்கம். சூரியன் உதிப்பது ஜனவரிக் கடைசி வரை நாளுக்கு நாள் பிந்திக்கொண்டேதான் போகும், ஆறரையைத் தாண்டிவிடும். விடியலில் வேலை செய்கிறவர்களுக்குத் தை பிறந்தும் மார்கழி முடியாது. பால்காரர், பேப்பர் போடும் பையன், துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், பூக்காரப் பெண்கள் யாரைக் கேட்டாலும் தையின் முதல் பாதிதான் கடுமை என்பார்கள்.

•

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர். பொங்கலன்று தொடங்கி மூன்று நாள் ஜல்லிக்கட்டு. காளையைக் கொண்டுவருகிறவர்கள் முந்தின இரவே வந்து வரிசையில் நிற்கிறார்கள். காளைக்குக் கம்பளி, ஆளுக்குத் துண்டு. வயலோரத்தில் வைக்கோலையும் மட்டையையும் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். காளை தூங்காமல் நின்றால் இவர்களும் தூங்குவதில்லை.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துத் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் பிள்ளைகள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தபோதும் இதே பனிதான். சுற்றியுள்ள வீடுகளிலிருந்து போர்வையும் வெந்நீரும் சோறும் தாமாக வந்தன. அந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் காளையை எழுதினார்கள், சட்டத்தை எழுதினார்கள். போர்வை கொடுத்தவர்களையும் எழுதிவைக்க வேண்டும்.

•

எங்கள் மாவட்டத்துக்கும் உண்மையான பனிமலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து ராணுவத்துக்குப் போனவர்கள் ஏராளம். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் முனையின் மேல் பனிச்சரிவு விழுந்தது. இறந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். தமிழ்நாட்டுக்காரர்கள் நால்வர், அதில் ஒருவர் மதுரை மாவட்டம், ஒருவர் தேனி மாவட்டம். ஆறு நாள் கழித்துப் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து கர்நாடகத்து வீரர் ஒருவரை உயிரோடு எடுத்தார்கள். டெல்லி மருத்துவமனையில் அவரும் பிழைக்கவில்லை.

மைனஸ் நாற்பதுக்கு இறங்கும் இடம் அது. இங்கே 40 டிகிரி வெயிலில் கரிசல் காட்டிலும் செம்மண் காட்டிலும் வளர்ந்த பையன், அங்கே மண்ணெண்ணெய் அடுப்பில் பனியை உருக்கித் தண்ணீர் குடிக்கிறான். அவன் வீட்டில் தாய் இருபது டிகிரிக்குப் போர்வையை இழுத்துப் போர்த்தும்போது எதை நினைப்பாள்?

நெடுநல்வாடையின் பின்பாதி இதுதான். அரண்மனையில் அரசி தூங்காமல் கிடக்கிறாள். அதே இரவில் பாசறையில் அரசனும் தூங்கவில்லை. வாடையில் விளக்கின் சுடர்கள் தெற்கே சாய, வேப்பந்தழை கட்டிய வேலோடு முன்னே போகிற படைத்தலைவன் காயம்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் காட்ட, தோளிலிருந்து நழுவும் துணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தூறலில் நடந்து அவர்களைப் பார்க்கிறான். அந்த வேம்பு பாண்டியனுடைய அடையாளம் என்பதால் பாட்டு அகமா புறமா என்று உரைகாரர் காலத்திலிருந்தே பேச்சு. எனக்கு அந்த வழக்கில் ஈடுபாடு இல்லை. குளிரில் அடிபட்டுக் கிடக்கிறவனை அரசன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மதுரைப் புலவர் நினைத்தார். அது போதும்.

•

சாமநத்தம் கண்மாயில் ஊசிவால் வாத்துகள். வடக்கே ஏரிகள் எல்லாம் உறைந்துபோக, மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருகிற கூட்டம். நாம் நடுங்குகிற குளிர் அவற்றுக்கு வெதுவெதுப்பு. கண்மாயில் தண்ணீர் இருக்கும்வரை இருக்கும், பங்குனியில் கிளம்பிவிடும். கழிவு நீர் கலப்பதைத் தடுத்தால் இன்னும் அதிகமாக வரும்.

•

பனியால் வாழ்கிற பயிர்களும் உண்டு. அவரைப் பந்தலில் காய் தாங்கவில்லை. மொச்சை இப்போதுதான் நிறைகிறது. பொங்கல் குழம்பு ருசிப்பதே பனிமொச்சையால். தெற்கே கரிசலில் மழை நின்ற பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்தையும் பனியையும் நம்பியே கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் விளைகின்றன. நத்தம், அழகர்கோயில் பக்கத்து மாமரங்களுக்கு இந்தக் குளிர் பட்டால்தான் பூ எடுக்கும். ஆனால் பூத்தபின் மூடுபனி நின்றால் தத்துப்பூச்சியும் சாம்பல் நோயும் வந்து பூவைக் கருக்கிவிடும். குளிர் வேண்டும், மூடுபனி வேண்டாம் என்று மாந்தோப்புக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கொடிக்கால்காரர்களுக்கு இது நட்டம். சோழவந்தான் வெற்றிலை பனியில் கொழுந்து விடுவதில்லை. கிள்ளினால் மறு கொழுந்துக்கு வெகுநாள் காத்திருக்க வேண்டும்.

மாசி

பித்தவெடிப்பு ஆறவில்லை. அம்மாவுக்குக் குங்கிலிய வெண்ணெய். தரைச் சாக்குகளை எடுத்து உதறி வெயிலில் போட்டாயிற்று.

சிவராத்திரியோடு பனி ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்பார்கள். அதற்கு முன்னால் ஓர் இரவு எல்லாரும் வெளியே படுத்தாக வேண்டும். எங்கெங்கோ பிழைக்கப் போன சனமெல்லாம் சிவராத்திரிக்குக் குலதெய்வத்தைத் தேடி வந்துவிடுகிறது. பாப்பாபட்டி, கருமாத்தூர் வழியில் வண்டிகளுக்கு வழியில்லை. சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கோயில் வாசலில் பாயை விரித்து, பிள்ளைகளை நடுவில் போட்டு, இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் குரங்குக் குல்லாயையும் கனத்த போர்வையையும் மறக்காமல் கொண்டுவர வேண்டும். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை அந்தப் பொட்டலில் விழுகிற பனி மார்கழிக்குக் குறைந்ததல்ல.

•

கார்த்திகைக் கடைசியில் கவாத்து பண்ணிய மல்லித் தோட்டங்களில் துளிர் வந்துவிட்டது. தரையிலிருந்து முழ உயரம் விட்டு எல்லாக் கிளையையும் வெட்டி, இலையை உருவி, குப்பை போட்டு நீர் விட்டிருந்தார்கள். இத்தனை நாள் மொட்டைக் குச்சிகளாக நின்றவை. பனியில் பூப்பை நம்பி வெட்டாமல் விட்ட தோட்டங்களில் மொக்கு இப்போதும் சிறுத்துத்தான் இருக்கிறது. வெட்டியவர்கள் பங்குனியில் முந்திக்கொள்வார்கள்.

மார்கழியில் மொக்கு பறித்த அந்த அக்கா இன்றைக்கு வெட்டின தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். பங்குனி பிறந்தால் கிலோ விலை சில நூறுகளுக்கு இறங்கிவிடும். அப்போது மொக்குக்குப் பஞ்சமில்லை, அவர் கைக்கும் காசு வரும். வருகிற மார்கழிக்கு நாள்கூலிதான் என்று இப்போதே தோட்டக்காரரிடம் பேசி வைத்திருப்பதாகச் சொன்னார். அவரோடு பறிக்கிற மற்ற பெண்களும் அதே பேச்சில் நிற்கிறார்களாம்.